மெம்பரேனில் படியும் வழவழப்பு: தண்ணீர் ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்துச் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடை வரிசையின் அஞ்சடியில் (கடை முன்னால் இருக்கும் நடைபாதையில்) நிற்கும், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும் மெஷினை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் பக்கத்துக் கடை அக்கா போன் செய்தார். “தம்பி, ஒரு பெரிய பாட்டில் நிறைய கால் மணி நேரம் ஆகுது. போன மாசம்தான ஃபில்டர் மாத்துனீங்க?” உண்மைதான். அதற்கு முந்தைய மாதமும் மாற்றியிருந்தேன். மழைக் காலத்துக் கலங்கல் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து, முன்னால் மண்ணையும் துருவையும் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரையே இரண்டு முறை மாற்றினேன்.

அன்று மெம்பரேன், அதாவது தண்ணீரை வடிகட்டும் மெல்லிய சவ்வு, சுருளாக இருக்கும் குழாயைத் திறந்தேன். சுருளின் முகப்பில் தேநீர் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் வெண்டைக்காய் நறுக்கிய கை மாதிரி வழுக்கியது. கொஞ்சம் வழித்து அலுமினியத் தாளில் காயவைத்து, வெளியே போய் லைட்டரால் சூடுகாட்டினேன். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. மண்ணோ துருவோ சுண்ணாம்போ அப்படி நாறாது. புரதம் எரிந்தால்தான் அந்த நாற்றம் வரும். மெஷினை அடைத்துக்கொண்டிருந்தது அழுக்கு இல்லை, உயிர்.

இதை உயிர்ப்படலம் என்பார்கள். எங்கள் தொழிலில் பயோஃபில்ம் என்றே சொல்கிறோம். அது மெம்பரேனை அடைப்பதற்குப் பெயர் பயோஃபவுலிங். நம் ஊரில் வீட்டுக்கு வெளியே ஸ்டீல் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், சமையலறையில் ஆர்.ஓ. (பிரஷர் கொடுத்துக் கரைந்த உப்பையும் பிரிக்கும் ஃபில்டர்) வைத்திருப்பவர்கள், பள்ளியிலும் கோயிலிலும் ஃபில்டரைக் கவனிப்பவர்கள், தோட்டத்தில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைச் சுத்திகரிப்பவர்கள் எல்லாரும் என்றாவது ஒரு நாள் இதைச் சந்திப்பார்கள். பாக்டீரியாவை முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் அதற்குத் தீனியைக் குறைக்கலாம், உட்கார நேரம் கொடுக்காமல் இருக்கலாம், உட்கார்ந்துவிட்டால் சீக்கிரமே கண்டுபிடித்துக் கழுவலாம். இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்று கீழே எழுதுகிறேன்.

முதலில், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பாக்டீரியா ஒன்றின் நீளம் ஏறக்குறைய அரை மைக்ரானிலிருந்து இரண்டு மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. யு.எஃப். (உப்பை விட்டுவிட்டு நுண்ணிய அழுக்கை மட்டும் பிடிக்கும்) மெம்பரேனின் துளை 0.01 முதல் 0.1 மைக்ரான். ஆர்.ஓ. மெம்பரேனில் துளை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அது அவ்வளவு நெருக்கமானது. ஆகவே பாக்டீரியா மெம்பரேனைத் தாண்டிப் போவதில்லை. சிக்கலே அதுதான். தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகிறது. தண்ணீரோடு வந்ததெல்லாம் இந்தப் பக்கம் மெம்பரேன் மேலேயே விடப்படுகிறது. தண்ணீர் ஓட்டமே பாக்டீரியாவை இழுத்து வந்து மெம்பரேன்மேல் வைத்து அழுத்துகிறது.

புது மெம்பரேனில் தண்ணீர் விட்ட சில நிமிடங்களிலேயே, தண்ணீரில் கரைந்திருக்கும் புரதம், மட்கிய இலைச்சாறு போன்றவை மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அந்தப் பூச்சின்மேல் முதல் பாக்டீரியாக்கள் வந்து தொடுகின்றன. இந்த நேரத்தில் வேகமாகத் தண்ணீர் விட்டால் பல அடித்துக்கொண்டு போய்விடும். சில மணி நேரம் விட்டுவிட்டால், தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செல்லுக்கு வெளியே சிந்திய டி.என்.ஏ. எல்லாம் கலந்த பசை அது. அதன் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தப் பசைக்குள் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று ரசாயனச் சைகை அனுப்புகின்றன. கூட்டம் போதுமான அளவு சேர்ந்தது தெரிந்ததும் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. படலம் முற்றியதும் அதிலிருந்து சில பிய்ந்து, ஓட்டத்தோடு போய் அடுத்த இடத்தில் குடியேறுகின்றன.

ஆர்.ஓ. மெம்பரேனில் அடிக்கடி அகப்படும் பெயர்கள்: சூடோமோனாஸ், ஸ்பிங்கோமோனாஸ், அசினெடோபாக்டர், ஃபிளேவோபாக்டீரியம், காலோபாக்டர், மைக்கோபாக்டீரியம். எல்லாருக்கும் தெரிந்தது சூடோமோனாஸ். ஆனால் நெதர்லாந்தில் ஆர்.ஓ. மெம்பரேன்களை ஆராய்ந்தவர்கள், முதலில் வந்து இடம் பிடிப்பது பெரும்பாலும் ஸ்பிங்கோமோனாஸ் வகை என்று கண்டார்கள். மெல்லியதாகப் பரவிக்கொள்ளும், மிகக் குறைந்த தீனியிலும் பிழைக்கும் இனம் அது. அதன் பின்னால்தான் மற்றவை வந்து சேர்கின்றன.

குளியலறை ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வழவழப்பு வருமே, அதுவும் இந்தக் குடும்பக் கதைதான். செராஷியா மார்செசென்ஸ், மெத்திலோபாக்டீரியம் போன்றவை அந்த நிறத்தைத் தருகின்றன. ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் அதே நிறம் தெரிந்தால் ஃபில்டரைக் கவனிக்க நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

எண்ணிக்கைக் கணக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மருந்து 99.99 சதவீதம் பாக்டீரியாவைக் கொல்லும் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் இருந்த இடத்தில் 100 மிஞ்சும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டித்தால், 28 மணி நேரத்தில் அந்த நூறு மறுபடி 16 லட்சத்தைத் தாண்டிவிடும். செத்தவற்றின் உடல் அங்கேயே கிடந்தால் மிஞ்சியவற்றுக்கு அதுவே சாப்பாடு. அதனால் கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம்.

ஏன் குளோரினைக் கொண்டு அடித்துவிட முடியாது?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்பார்கள். இதன் பதில் மெம்பரேனின் வரலாற்றில் இருக்கிறது. 1959இல் கலிபோர்னியாவில், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சிட்னி லோபும் சேர்ந்து, செல்லுலோஸ் அசிடேட்டில் முதல் நடைமுறை ஆர்.ஓ. மெம்பரேனை உருவாக்கினார்கள். அது கொஞ்சம் குளோரினைத் தாங்கும். ஆனால் பாக்டீரியா அந்த மெம்பரேனையே தின்னும். 1970களின் இறுதியில் ஜான் கடோட் பாலிஅமைடு பூச்சுள்ள மெல்லிய மெம்பரேனைக் கொண்டுவந்தார். இன்று நம் மெஷின்களில் இருப்பவை அந்த வழியில் வந்தவை. அதைப் பாக்டீரியா தின்பதில்லை, தண்ணீரும் நிறைய விடும். ஆனால் குளோரின் பட்டால் அது சிதைந்துவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் தொடர்ந்து பட்டால் 200 முதல் 1000 மணி நேரத்துக்குள் பழுதாகத் தொடங்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அதனால் ஆர்.ஓ.வுக்கு முன்னால் கார்பன் (கரி) ஃபில்டர் வைத்துக் குளோரினை எடுத்துவிடுகிறோம். அதாவது, பாக்டீரியாவை அடக்கி வைத்திருந்த ஒரே காவலாளியை, மெம்பரேன் வாசலில் வைத்து அனுப்பிவிடுகிறோம். கார்பன் கட்டியோ கரடுமுரடானது, குளோரின் இல்லாதது, தீனியைப் பிடித்து வைத்திருப்பது. பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல நாற்றங்கால் கிடைக்காது. அந்தக் கடை மெஷினில் நான் விட்ட தவறும் இதுதான். செடிமென்ட் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருந்தேன். கார்பனைத் தொடவில்லை.

நம் ஊர் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. குளிர்நாட்டுத் தண்ணீரைவிட நம் குழாய்த் தண்ணீர் எவ்வளவோ சூடு, 27, 28 டிகிரிக்குக் குறைவாக இருப்பது அரிது. மத்தியானத்தில் கூரைத் தொட்டித் தண்ணீர் இன்னும் சூடாக வரும். குளிர்நாட்டில் எழுதிய கையேடு “ஆறு மாதத்துக்கு ஒரு முறை” என்று சொன்னால், நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 1: உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பேராவில் குழாய்த் தண்ணீர் தருவது மாநில நீர் வாரியம். மலேசியாவின் குடிநீர்த் தரத்தின்படி அதில் மீதமிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். நீச்சல் குள சாமான் விற்கும் கடையில் டி.பி.டி. மாத்திரை வைத்த சோதனைப் பெட்டி கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் ஒரு முறையும், கார்பனுக்குப் பின்னால் ஒரு முறையும் பாருங்கள். முதல் குப்பி இளஞ்சிவப்பாக வர வேண்டும், இரண்டாவது வெளுத்தே இருக்க வேண்டும். இரண்டாவதும் சிவந்தால் கார்பன் செத்துவிட்டது, மெம்பரேன் எரிந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் என் டி.டி.எஸ். மீட்டர் பெரும்பாலும் நூறுக்குள்தான் காட்டும். அந்தத் தண்ணீருக்கு வீட்டில் ஆர்.ஓ. தேவையே இல்லை என்பது என் கருத்து. ஒரு யு.எஃப். ஃபில்டரும் கார்பனும் போதும். யு.எஃப். மெம்பரேன் குளோரினைத் தாங்கும், திருப்பிக் கழுவலாம். பாக்டீரியாவோடு மல்லுக்கட்டும் வேலை பாதியாகக் குறையும்.

தோட்டத்தில் குழாய்க் கிணறு என்றால் கதை வேறு. கிணற்றில் இருந்து வரும்போது தெளிவாக இருக்கும், வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் ஆரஞ்சு நிறமாகும். அது இரும்பு. காலியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் போன்ற இரும்பு பாக்டீரியாக்கள் அந்த இரும்பை வைத்தே வாழ்ந்து, குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு போன்ற வழவழப்பைச் சேர்க்கும். இந்தத் தண்ணீரை நேராக ஆர்.ஓ.வுக்கு அனுப்பாதீர்கள். காற்றூட்டி, இரும்பைப் படியவைத்து, மணல் ஃபில்டரில் பிடித்த பிறகுதான் அனுப்ப வேண்டும்.

ஓடைத் தண்ணீரோ குட்டைத் தண்ணீரோ என்றால் இன்னும் கவனம் தேவை. செம்பனை மட்டை மட்கிய சாறு கரிமத் தீனி. மழைக்குப் பிறகு உரம் கழுவி வந்தால் நைட்ரஜனும் பாஸ்பரசும் சேரும். பாக்டீரியாவுக்குச் சாப்பாடும் உப்பும் ஒரே இலையில் பரிமாறியது மாதிரி. உரம் போட்ட வாரத்திலும் பெருமழைக்கு அடுத்த இரண்டு நாளிலும் அந்தத் தண்ணீரை எடுக்காமல், முன்பே நிரப்பிய தொட்டியிலிருந்து எடுப்பது நல்லது.

படி 2: பயோஃபவுலிங்தானா என்று உறுதிசெய்யுங்கள்

தண்ணீர் குறைந்தால் எல்லாரும் “அடைப்பு” என்பார்கள். எந்த அடைப்பு என்று தெரியாமல் மருந்து போட்டால் நிலைமை மோசமாகும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில், நான்கு விஷயம் எழுதுங்கள்: ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் நல்ல தண்ணீர் வருகிறது, மெம்பரேனுக்கு முன்னும் பின்னும் பிரஷர் எவ்வளவு, உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டின் டி.டி.எஸ். எவ்வளவு, தண்ணீரின் வெப்பம் எவ்வளவு. வெப்பம் ஏன் என்றால், ஒரு டிகிரி குறைந்தால் ஆர்.ஓ.வில் தண்ணீர் சுமார் 3 சதவீதம் குறையும். மழைநாளில் தண்ணீர் குறைந்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

புதிதாக வைத்தபோது இருந்த அளவோடு ஒப்பிடுங்கள். நல்ல தண்ணீர் 10 சதவீதம் குறைந்தாலோ, முன்பின் பிரஷர் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதம் கூடினாலோ, உப்பு கசிவது 5 முதல் 10 சதவீதம் கூடினாலோ, கழுவ வேண்டிய நேரம் அதுதான். பலர் பாதியாகக் குறையும்வரை விட்டுவிடுகிறார்கள். அதற்குள் படலம் முற்றிவிடும். முற்றிய படலத்துக்குள் மருந்து நுழைவது கடினம்.

பயோஃபவுலிங்கில் முதலில் ஏறுவது பெரும்பாலும் பிரஷர் வித்தியாசம். காரணம், சுருளுக்குள் இரண்டு தாளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வலை. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வலையின் முடிச்சுகளில் தண்ணீர் தேங்கும் மூலைகள் உண்டு. படலம் அங்கேதான் முதலில் வளர்ந்து வழியை அடைக்கும். பல மெம்பரேன் வரிசையாக இருந்தால் முதல் மெம்பரேன் அதிகம் அடைபடும், ஏனென்றால் தீனி அங்கேதான் முதலில் வருகிறது. உப்புப் படிவோ கடைசி மெம்பரேனில் தொடங்கும். இந்த ஒரு வித்தியாசமே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

மீதியைக் கை சொல்லும். படலத்தைத் தொட்டுப் பாருங்கள். நறநறவென்றால் மண் அல்லது உப்பு. அதன்மேல் சிட்ரிக் அமிலக் கரைசல் இரண்டு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு. ஆரஞ்சு நிறம் அமிலத்தில் கரைந்தால் இரும்பு. வழுக்கி, குட்டை நாற்றம் அடித்து, எரித்தால் முடி பொசுங்கும் வாசம் வந்தால் பாக்டீரியா. இரும்புக் கிணற்றில் இரண்டும் கலந்தே இருக்கும்.

படி 3: தீனியைக் குறையுங்கள்

வளர்ச்சியைத் தீர்மானிப்பது உள்ளே வரும் பாக்டீரியாவின் எண்ணிக்கை இல்லை, அவை தின்னக்கூடிய கரிமத்தின் அளவு. குளோரின் இல்லாமலேயே ஊருக்குத் தண்ணீர் விநியோகிக்கும் நெதர்லாந்தில், எளிதில் தின்னக்கூடிய கரிமம் லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராமுக்குள் இருந்தால்தான் குழாயில் படலம் வளராமல் நிலையாக இருக்கும் என்று கணக்கு வைத்தார்கள். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு கொஞ்சம் போதும் அவற்றுக்கு.

வீட்டிலும் கடையிலும் அந்த அளவை அளக்க முடியாது. நாம் செய்யக்கூடியது இவ்வளவு. செடிமென்ட் ஃபில்டர் கறுக்கும்வரை காத்திருக்காதீர்கள். மழைக் காலத்தில் மூன்று மாதம் என்பது என் கணக்கு. கார்பன் வெளியே பார்க்க எப்போதும் கறுப்புதான், அதனால் கண்ணால் தீர்மானிக்க முடியாது. கிண்ணத்தின் மேல் மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதி, ஆறு மாதம் ஆனதும் தயங்காமல் மாற்றுங்கள். தண்ணீர் மெஷினில் ஓட்டம் அதிகம், நான் நான்கு மாதத்தில் மாற்றுகிறேன்.

பெரிய ஆலையாக இருந்தால் குளோரினை எடுக்கக் கார்பனுக்குப் பதிலாக சோடியம் மெட்டாபைசல்பைட் விடலாம். ஒரு மில்லிகிராம் குளோரினுக்குக் கணக்குப்படி 1.34 மில்லிகிராம், நடைமுறையில் இரண்டிலிருந்து மூன்று மில்லிகிராம் விடுவார்கள். மெம்பரேனுக்கு எவ்வளவு பக்கத்தில் அதை விடுகிறோமோ அவ்வளவு நல்லது. அதுவரை குழாயில் குளோரின் இருந்து காவல் காக்கும்.

உப்புப் படியாமல் இருக்க விடும் மருந்தையும் சந்தேகப்படுங்கள். சில வகை பாஸ்பரஸ் கொண்டவை, சில வகை பாக்டீரியாவே தின்னக்கூடியவை. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கடினத்தன்மை குறைவு, பல இடங்களில் அந்த மருந்தே வேண்டாம். தேவையில்லாமல் விட்டால் தீனி போடுவதுதான்.

அல்ட்ரா வயலட் விளக்கு நல்லதுதான். ஆனால் அது அந்த இடத்தைக் கடக்கும் பாக்டீரியாவை மட்டும்தான் செயலிழக்கச் செய்யும். விளக்கைத் தாண்டிய பிறகு காவல் எதுவும் இல்லை. ஏற்கெனவே மெம்பரேனில் ஒட்டியிருப்பதை அது ஒன்றும் செய்யாது.

படி 4: தேங்கவிடாதீர்கள்

ஒரு தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்கு மட்டும் ஃபில்டரைத் திறப்பார்கள். தண்ணீர்ப் பந்தலுக்கு வேண்டும் என்று வாங்கியது. திருவிழா முடிந்ததும் குழாயை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு என்னை அழைத்தார்கள். திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். கோயில் தலைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, போன வருஷம் நல்லா வந்துச்சே!” என்றார். நல்லாத்தான் வந்தது. பதினொரு மாதம் மூடிய இடத்தில், சூட்டில், குளோரின் இல்லாமல் நின்ற தண்ணீர் அது. காற்று இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா சல்பேட்டைத் தின்று அந்த நாற்றத்தை விடுகிறது. மெம்பரேன், கார்பன் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்தோம். இப்போது திருவிழா முடிந்த அன்றே எல்லாவற்றையும் கழற்றி, கிண்ணங்களைக் கழுவி, காயவைத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

தமிழ்ப்பள்ளிகளிலும் இதே நிலைமைதான். விடுமுறைக்கு முன் ஃபில்டரைக் கவனிக்க ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரரோ பாதுகாவலரோ தினமும் காலையில் ஐந்து நிமிடம் தண்ணீரைத் திறந்து விட்டாலே போதும்.

தினமும் ஓடும் ஆர்.ஓ.வாக இருந்தாலும், நிறுத்தும்போது பிரஷரைக் குறைத்து வேகமாகக் கொஞ்ச நேரம் கழிவு வழியே ஓடவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் நிறுத்த வேண்டி வந்தால், மெம்பரேனை உணவுத்தர சோடியம் மெட்டாபைசல்பைட் 1 சதவீதக் கரைசலில் மூழ்கவைத்து மூடுங்கள். அதாவது 10 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 100 கிராம். அந்தக் கரைசலின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 3க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டும். திரும்பத் தொடங்கும்போது நன்றாக அலசி, முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

படி 5: கழுவுதல்

வீட்டு ஆர்.ஓ.வின் சின்ன மெம்பரேனைக் கழுவ முயற்சி செய்யாதீர்கள். அதற்கான பம்பும் ஓட்டமும் வீட்டில் இல்லை. புதிது மாற்றுங்கள். மாற்றும்போது மெம்பரேன், கார்பன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, காலிக் கிண்ணங்களையும் மெம்பரேன் குழாயையும் வாசனை சேர்க்காத வெள்ளை பிளீச் கலந்த தண்ணீரால் நிரப்பி அரை மணி நேரம் வையுங்கள். 5 சதவீத பிளீச் என்றால் ஒரு லிட்டருக்கு 2 மில்லி, அது 100 மில்லிகிராம் குளோரின் தரும். வாசம் போகும்வரை அலசிய பிறகுதான் புது மெம்பரேனை வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பழைய வழவழப்புக்குள் புது மெம்பரேனை வைத்தால், விதை தூவிய வயலில் உரம் போட்டது மாதிரி ஆகிவிடும்.

வெளியே வைக்கும் யு.எஃப். ஃபில்டர் எளிது. வாரம் ஒரு முறை திருப்பிக் கழுவும் வால்வைத் திறந்து, வெளியேறும் தண்ணீர் தெளியும்வரை விடுங்கள். உள்ளே இருக்கும் மெம்பரேன் இழை பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக் வகையாக இருந்து, தயாரிப்பாளரும் அனுமதித்தால், சில மாதங்களுக்கு ஒரு முறை பிளீச் கரைசலில் ஊறவைக்கலாம்.

தண்ணீர் மெஷினிலும் சின்ன ஆலையிலும் இருக்கும் நாலு அங்குல மெம்பரேனைக் கழுவலாம், கழுவத்தான் வேண்டும். இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிளீச் பாட்டிலை இந்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பிளீச்சும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. பாலிஅமைடு மெம்பரேனுக்கும் பிளீச் எதிரி. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும்.

கரைசலுக்கு ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஒரு மெம்பரேனுக்குச் சுமார் 10 லிட்டரும், குழாய்களை நிரப்பக் கொஞ்சமும் வேண்டும். 10 லிட்டருக்குக் காஸ்டிக் சோடா 10 கிராம், சோடியம் லாரில் சல்பேட் 2.5 கிராம். பி.எச். 12 பக்கத்தில் வரும், அதற்கு மேல் போக வேண்டாம். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் சூடாக்கத் தேவையில்லை, வெயிலில் வைக்காமல் இருந்தால் போதும். உங்கள் மெம்பரேனின் தயாரிப்பாளர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

முதலில் மெதுவாக, நல்ல தண்ணீர் வழியில் எதுவும் வராத அளவு குறைந்த பிரஷரில் கரைசலை உள்ளே விடுங்கள், எப்போதும் தண்ணீர் போகும் அதே திசையில். முதலில் திரும்பி வருவது பழுப்பாக இருக்கும், அதைத் தொட்டியில் சேர்க்காமல் கொட்டிவிடுங்கள். அன்று அந்தக் கடை மெஷினில் வந்தது கோப்பி நிறத்தில் இருந்தது, நடுவே சின்னச் சின்ன வழவழப்புத் துண்டுகள் மிதந்தன. பிறகு அரை மணி நேரம் சுற்றவிடுங்கள். கரைசல் மறுபடி நிறம் மாறினால் புதிதாகக் கலக்குங்கள். அப்புறம் பம்பை நிறுத்தி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். படலம் முற்றியிருந்தால் இரவு முழுக்க ஊறட்டும். இந்த ஊறலில்தான் பசை உப்பித் தளர்கிறது. அடுத்து வேகமாக, நிமிடத்துக்கு 30 முதல் 38 லிட்டர் ஓட்டத்தில் அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். மருந்து தளர்த்தியதைப் பிய்த்துக்கொண்டு போவது இந்த வேகம்தான். பம்ப் சிறியதாக இருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

ஆர்.ஓ. தண்ணீரால் அலசி, பி.எச். இயல்புக்கு வந்ததும் 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில் இதே முறையில் இன்னொரு சுற்று. சிட்ரிக் அமிலம் கேக் சாமான் விற்கும் கடையிலேயே கிடைக்கும். இது இரும்பையும் உப்பையும் எடுக்கும். வரிசையை மாற்றாதீர்கள். அமிலத்தை முதலில் விட்டால் புரதமும் பசையும் இறுகி மெம்பரேனோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு காஸ்டிக் விட்டாலும் அசையாது.

கடைசியாக நன்றாக அலசி, நல்ல தண்ணீர் வழியிலும் பி.எச். இயல்பாகும்வரை கொட்டுங்கள். அதுவரை யாரும் பாட்டில் பிடிக்காதபடி மெஷினை மூடி வையுங்கள்.

படி 6: மெம்பரேனுக்குப் பின்னால் இருப்பதை மறக்காதீர்கள்

ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் கிடையாது. அது போய் நிற்கும் தொட்டி, கடைசிக் கார்பன், பாட்டில் பிடிக்கும் முனை எல்லாம் திறந்த வீடுதான். முனையைக் கை தொடும், பாட்டில் வாய் தொடும், பல்லி ஓடும். ஒரு முறை முனையின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வழவழவென்று சாம்பல் நிறம் வந்தால், உள்ளே மெம்பரேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பாட்டிலுக்குப் போவது அந்தத் தண்ணீர்தான். முனையை வாரம் ஒரு முறை கழற்றிப் பிளீச் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலி செய்து கழுவுங்கள்.

இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆரோக்கியமானவர்களுக்கு நோய் தருவதில்லை. ஆனால் சூடோமோனாஸ் ஏருஜினோசா, சில வகை மைக்கோபாக்டீரியம் போன்றவை எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைப் பாதிக்கலாம். வீட்டில் கைக்குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர் இருந்தால், ஃபில்டர் தண்ணீரையும் நன்றாகக் கொதிக்கவைத்தே கொடுங்கள். பொதுமக்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் இடமாக இருந்தால், ஆய்வகத்தில் மொத்த பாக்டீரியா எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே போகும் தண்ணீரிலும் முனையில் வரும் தண்ணீரிலும் ஒரே நாளில் மாதிரி எடுத்தால்தான், வளர்ச்சி எங்கே நடக்கிறது என்று தெரியும்.

அக்கா கடைப் பக்கத்து மெஷினை அன்று கழுவிய பிறகு தண்ணீர் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்தது. மூன்றே வாரத்தில் நோட்டில் பிரஷர் வித்தியாசம் மறுபடி ஏறத் தொடங்கியது. அப்போதுதான் கார்பனைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன், குட்டை வாசம். அதை மாற்றி, கிண்ணத்தைப் பிளீச்சில் ஊறவைத்து, மெம்பரேனை இன்னொரு முறை கழுவினேன். அடுத்த கழுவல் ஐந்து மாதம் கழித்துத்தான் தேவைப்பட்டது. அந்த நோட்டு இப்போது மெஷின் கதவின் உட்புறத்தில் தொங்குகிறது. நான் போக முடியாத வாரத்தில் அக்காவே பிரஷர் எண்ணைப் பார்த்து எழுதி வைத்துவிடுகிறார்.